ஓநாய் வளர்த்த பிள்ளைகள்

லக்னோவில் குடியிருக்கும் தமிழர்களுக்கு ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் ஒரு சங்கடம். கோயில் குளம் என்று காட்டப் பெரிதாக ஒன்றும் கிடையாது. இமாம்பாடா, டுண்டே கபாப் (சைவர்களுக்கு அதுவும் இல்லை), பிறகு ரெசிடென்சி இடிபாடுகள். ரெசிடென்சியில் எல்லோரும் 1857 பீரங்கிக் குண்டுகள் துளைத்த சுவரைத்தான் பார்ப்பார்கள். அந்தச் சுவருக்குள் 1857-க்குச் சில வருடம் முன்னால் உட்கார்ந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதிவைத்த ஒரு விஷயம்தான் பிறகு மௌக்லியாக உலகம் சுற்றியது என்பதை எந்த கைடும் சொல்வதில்லை.

மௌக்லியைத் தெரியாத பிள்ளை நம் வீடுகளில் இருக்காது. 1993-ல் தூர்தர்ஷனில் ஓடிய அந்த ஜப்பானிய கார்ட்டூனும் அதற்கு குல்ஜார் எழுதிய ஹிந்திப் பாட்டும் வடக்கே வளர்ந்த ஒரு தலைமுறைக்கே மனப்பாடம். அதைப் பார்க்கிற எந்தப் பிள்ளையும் ஒரு தடவையாவது கேட்கும்: "நிஜமாவே ஓநாய் மனுஷக் குழந்தைய வளக்குமா?" இந்தக் கேள்விக்கு இந்த நாட்டில் நூற்று எழுபது வருடமாகப் பதில் சொல்லிவருகிறார்கள். பதில்கள் சுவாரசியமானவை. பதிலில் வரும் குழந்தைகளின் கதைதான் மனசைப் பிசைவது.

அந்த அதிகாரியின் பெயர் வில்லியம் ஹென்றி ஸ்லீமன். தக்கர்கள் என்ற வழிப்பறிக் கொலைகாரக் கும்பல்களை ஒழித்தவர் என்று சரித்திரப் புத்தகங்களில் வருவாரே, அவரேதான். 1849-ல் அவத் ராஜ்ஜியத்துக்குக் கம்பெனியின் ரெசிடெண்டாக லக்னோ வந்தார். வந்தவர் அந்த டிசம்பரிலேயே யானை, கூடாரம், பரிவாரத்தோடு கிளம்பி மூன்று மாதம் ராஜ்ஜியம் முழுக்கச் சுற்றினார். நோக்கம் நவாபின் நிர்வாகம் எவ்வளவு மோசம் என்று குறிப்பெடுப்பது. ஆனால் மனிதர் காதில் விழுந்ததை எல்லாம் எழுதிவைக்கும் ரகம். ஜமீன் தகராறு, மண் வளம், விதவைகள் நிலைமை, கூடவே ஓநாய்கள் தூக்கிப்போய் வளர்த்த குழந்தைகளைப் பற்றிய அரை டஜன் சம்பவங்கள். இவற்றைத் தனியாக ஒரு சிறு பிரசுரமாக 1852-ல் இங்கிலாந்தில் பிளிமத் நகரில் தன் பெயர் போடாமல் வெளியிட்டார். பயணக் குறிப்பு முழுசாகப் புத்தகமாக வந்தது 1858-ல். அதைப் பார்க்க அவர் இல்லை. 1856-ல் ஊர் திரும்பும் வழியில் இலங்கைக்கு அருகே கப்பலிலேயே இறந்துபோனார்.

அவர் சொல்லும் சம்பவங்களில் பிரபலமானது சுல்தான்பூர்ப் பையனுடையது. லக்னோவிலிருந்து வாரணாசி போகிற ரயில் ஒன்று சுல்தான்பூர் வழியாகத்தான் போகும், பார்த்திருப்பீர்கள். 1847 வாக்கில் வரி வசூலுக்காகப் போன ஒரு குதிரைச் சேவகன், சந்தௌர் என்ற ஊர்ப் பக்கம் கோமதி நதிக்கரையில், பட்டப்பகலில், ஒரு பெண் ஓநாய் வளையை விட்டு வெளியே வருவதைப் பார்த்தான். பின்னால் மூன்று குட்டிகள். குட்டிகளோடு நாலு காலில் ஒரு பையன். தண்ணீர் குடிக்க எல்லாரும் ஆற்றுக்குப் போனார்கள். சேவகன் துரத்த, எல்லாம் வளைக்குள் புகுந்துகொண்டன. ஊர்க்காரர்களைக் கூட்டிவந்து வெட்டித் தோண்டிப் பையனைப் பிடித்தார்கள். அவன் சுற்றிச் சுற்றிச் சுல்தான்பூரில் அவத் காலாட்படையின் கேப்டன் நிக்கொலெட்ஸ் என்பவரிடம் வந்து சேர்ந்தான்.

நிக்கொலெட்ஸ் எழுதிய கடிதங்களைத்தான் ஸ்லீமன் ஆதாரமாக வைக்கிறார். பையன் பேசவில்லை. பச்சை மாமிசம் தின்பான். துணி போட்டால் கிழிப்பான். தன் சாப்பாட்டில் நாய் வந்து வாய் வைத்தால் விட்டுவிடுவான், மனிதர் பக்கத்தில் வந்தால் உறுமுவான். குளிருக்குப் பஞ்சு ரஜாய் கொடுத்தால் பிய்த்துப் பஞ்சை ரொட்டியோடு தின்றான். சிரித்ததே இல்லை. 1850 ஆகஸ்டில் இறந்தான். சாவதற்குச் சற்று முன்னால் தலையில் கையை வைத்து, வலிக்கிறது என்று சொல்லி, தண்ணீர் கேட்டானாம். குடித்துவிட்டுக் கண்ணை மூடினான். மூன்று வருடத்தில் அவன் பேசியது அது மட்டும்தான்.

இந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. பேச்சே கேட்காமல் ஓநாய் வளையில் வளர்ந்த பிள்ளை ஒருநாளும் பேசிப் பழகாமல் கடைசியில் திடீரென்று 'தலை வலிக்கிறது' என்று எப்படிச் சொல்லும்? வளைக்குள் போவதற்கு முன்பே பேசக் கற்றிருந்தால் சொல்லலாம். அல்லது அது வளையிலேயே வளராத, காது கேட்டும் பேச முடியாத ஒரு பிள்ளையாக இருந்தால் சொல்லலாம். ஸ்லீமன் இந்தப் பக்கம் போகவில்லை.

இன்னொரு சம்பவம் இதைவிட என்னை உலுக்கியது. சுல்தான்பூருக்குக் கிழக்கே சுப்ரா என்ற கிராமம். 1843 மார்ச்சில் ஒரு குடியானவனும் மனைவியும் கோதுமை அறுக்க வயலுக்குப் போனார்கள். கூட மூன்று வயதுப் பையன். கொஞ்ச நாள் முன்னால்தான் அவன் இடது முழங்காலில் சூடு பட்டு வடு ஆகியிருந்தது. வயலில் விளையாடிக்கொண்டிருந்தவனை ஓநாய் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. அப்பன் ஒரு வருடத்துக்குள் செத்துப்போனான். ஆறு வருடம் கழித்து, பத்து மைல் தள்ளி சிங்ராமௌவைச் சேர்ந்த இரண்டு சிப்பாய்கள், காட்டுப்பன்றிக்குக் காவல் இருந்தபோது ஓநாய்க் குட்டிகளோடு ஒரு பையனைக் கண்டு பிடித்துவந்தார்கள். செய்தி பரவி அந்தத் தாய் வந்தாள். முழங்கால் வடுவைப் பார்த்தாள். முதுகில் பல் பட்ட தழும்புகளைப் பார்த்தாள். என் மகன்தான் என்று கூட்டிப்போனாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் சினிமா. ஆனால் முடியவில்லை. பையன் அவளை அம்மா என்று அறியவே இல்லை. ஒட்டவில்லை. விட்டால் காட்டைப் பார்த்து ஓடுகிறான். அவள் கூலி வேலை செய்யும் விதவை. இரண்டு மாதம் வைத்துப் பார்த்தாள். பிறகு முடியவில்லை, ஊரார் போடும் சோற்றுக்கு அவனை விட்டுவிட்டாள். ஸ்லீமன் இதை ஒரு வாக்கியத்தில் கடந்துபோகிறார். எனக்குக் கடக்க முடியவில்லை. அவன் அவள் பெற்ற மகனா, யாரோ கைவிட்ட இன்னொரு பிள்ளையா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

அந்தக் காலத்து அவத் நிலவரத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓநாய் அங்கே காட்டு மிருகம் என்பதைவிட ஊர் எல்லை மிருகம். ஆற்றோரத்து மண் பள்ளங்களில் வளை. வெயில் காலத்தில் எல்லோரும் வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுப்பார்கள். தாயின் பக்கத்திலிருந்தே குழந்தையைத் தூக்கிப்போகும். ஆனாலும் ஓநாயைக் கொல்ல மாட்டார்கள், அதன் ரத்தம் ஒரு சொட்டு நிலத்தில் விழுந்தாலும் ஊர் உருப்படாது என்று நம்பிக்கை. ஸ்லீமன் இன்னொன்றும் எழுதுகிறார். ஓநாய் வளைகளைத் தேடிப் போய், தின்னப்பட்ட குழந்தைகளின் கை கால்களில் இருந்த தங்கம் வெள்ளி நகைகளைப் பொறுக்கிப் பிழைப்பவர்கள் இருந்தார்களாம். அவர்களுக்கு ஓநாய்கள் ஒழிவதில் விருப்பமில்லை. படித்த அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

ஸ்லீமன் நேர்மையாக ஒரு இடத்தை விட்டுவைக்கிறார். ஓநாய் வளையில் வளர்ந்து பெரியவனான ஒரு மனிதனைப் பற்றி உறுதியான தகவல் ஒன்றுகூடத் தனக்குக் கிடைக்கவில்லை என்கிறார். பிடிபட்டவர்கள் எல்லாம் சிறுபிள்ளைகள். பெரும்பாலும் சீக்கிரம் செத்துவிடுகிறார்கள்.

இப்போது ஆக்ரா. ஊரிலிருந்து வருகிறவர்களைத் தாஜ்மகால் கூட்டிப்போகும்போது நேரம் இருந்தால் சிக்கந்தராவில் அக்பர் சமாதியையும் காட்டுவோம். அந்த சிக்கந்தராவில் 1837-38 பஞ்சத்தில் அனாதையான குழந்தைகளுக்காக சர்ச் மிஷனரி சொசைட்டி ஒரு இல்லம் நடத்தியது. அங்கே ஒரு அச்சுக்கூடம்கூட இருந்தது. 1867-ல் இந்த இல்லத்துக்கு, புலந்த்ஷஹர் மாவட்டத்தில் வேட்டைக்காரர்கள் ஓநாய் வளையிலிருந்து பிடித்ததாகச் சொல்லி ஆறு வயது மதிக்கத்தக்க ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள். வந்த நாள் சனிக்கிழமை. பெயர் வைத்தாயிற்று: சனிசர். தீனா சனிசர் என்று பதிவுகளில் இருக்கிறான். ராபின்சன் குரூசோ தன் ஆளுக்கு வெள்ளிக்கிழமை என்று பெயர் வைத்த மாதிரி.

சனிசர் மற்றவர்களைப் போல உடனே சாகவில்லை. நிமிர்ந்து நடக்கப் பழகினான். சமைத்த சோறு சாப்பிடப் பழகினான். துணி உடுத்தினான், ஒழுங்காக இல்லாவிட்டாலும். தன் தட்டைத் தானே கழுவுவதுபோலச் சின்ன வேலைகள் செய்தான் என்கிறார்கள். பேச்சு மட்டும் கடைசிவரை வரவில்லை. மனிதர்களிடமிருந்து அவன் மனப்பூர்வமாகக் கற்றுக்கொண்டது புகை பிடிப்பது என்று எல்லாரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்கள். அதில் ஒரு கிண்டல் இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. அவனை உட்காரவைத்து, நிற்கவைத்துப் புகைப்படம் எடுத்தார்கள். ஆக்ரா வரும் துரைமார்கள் வந்து பார்த்தார்கள். புவியியல் துறையில் வேலை பார்த்த வாலண்டைன் பால் என்பவர் 1880-ல் எழுதிய இந்தியக் காட்டு வாழ்க்கைப் புத்தகத்தில் சிக்கந்தரா ஓநாய்ப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தார். சனிசர் 1895-ல் காசநோயில் இறந்தான். இருபத்தெட்டு வருடம் அந்த இல்லத்திலேயே.

அவன் இறப்பதற்கு முந்தைய வருடம், 1894-ல், ஜங்கிள் புக் வெளிவந்தது. கிப்ளிங் அதை எழுதியது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், பனி கொட்டும் ஊரில். கதை நடப்பது மத்தியப் பிரதேசத்தின் சியோனி மலைகளில். மௌக்லி முதலில் தலைகாட்டியது 1893-ல் வந்த வேறொரு சிறுகதையில், வளர்ந்த இளைஞனாக. வளர்ந்த ஓநாய் மனிதன்! ஸ்லீமன் தேடிக் கிடைக்காத ஆள் கிப்ளிங்குக்குக் கிடைத்துவிட்டான் :-) சனிசரைப் பார்த்துத்தான் மௌக்லியை எழுதினார் என்று இணையத்தில் அடித்துச் சொல்கிறார்கள். அப்படி ஒரே ஒரு பிள்ளையிலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை. இந்தக் கதைகள் அப்போது ஆங்கிலோ-இந்திய வட்டாரத்தில் எல்லார் வாயிலும் இருந்தன. 1916-ல் பேடன் பவல் சாரணர் இயக்கத்தில் சின்னப் பையன்களுக்கு 'ஓநாய்க்குட்டிகள்' பிரிவு தொடங்கி, தலைவருக்கு அகேலா என்று பெயர் வைத்தார். இப்படிக் கதை உலகம் சுற்றியது.

அடுத்தது வங்காளம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன், ஏனென்றால் பி.எட்., சமூகவியல் படித்தவர்கள் பலர் இதை நிரூபணமான உண்மை என்று பாடத்தில் படித்திருக்கிறார்கள். அமலா, கமலா.

மேதினிபூரில் அனாதை இல்லம் நடத்திய ஆங்கிலிகன் பாதிரியார் ஜோசப் அம்ரித லால் சிங். அவர் சொன்ன கதை இது. 1920 அக்டோபரில் கோதாமுரி என்ற கிராமத்துக்குப் போனபோது, காட்டில் பேய் நடமாடுகிறது என்று மக்கள் பயந்தார்கள். இவர் பரண் கட்டி உட்கார்ந்து பார்த்தார். இரண்டு மாடி உயரக் கரையான் புற்றிலிருந்து ஓநாய்கள் வந்தன, பின்னாலேயே சடை விழுந்த தலையோடு இரண்டு உருவங்கள். புற்றை வெட்டியபோது தாய் ஓநாய் எதிர்த்து நின்றது, அம்பெய்து கொன்றுவிட்டார்கள். உள்ளே இரண்டு ஓநாய்க்குட்டிகளும் இரண்டு பெண்குழந்தைகளும் ஒன்றாகச் சுருண்டு கிடந்தார்கள். பெரியவளுக்கு எட்டு வயது இருக்கலாம், சின்னவளுக்கு ஒன்றரை. கமலா, அமலா என்று பெயர் வைத்தார். அமலா 1921 செப்டம்பரில் இறந்தாள். கமலா எழுந்து நிற்கவும், சில பத்துச் சொற்கள் பேசவும் கற்று, 1929 நவம்பரில் இறந்தாள்.

1926-ல் செய்தி வெளியே கசிந்து உலகப் பத்திரிகைகளில் வந்தது. 1941-ல் யேல் பல்கலைக்கழகத்தின் ஆர்னால்ட் கெசல், குழந்தை வளர்ச்சி ஆய்வில் அன்று உலகத்திலேயே பெரிய பெயர், இதை அப்படியே நம்பி ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த வருடம் மானுடவியலாளர் ராபர்ட் ஜிங் என்பவர் பாதிரியாரின் நாட்குறிப்பையே புத்தகமாக்கினார். பாதிரியார் சிங் 1941-லேயே காலமாகிவிட்டார். அந்தப் புத்தகத்துக்கு முன்னுரை கொடுத்த பிஷப் பேக்கன்ஹாம் வால்ஷ் நம் ஊருக்கும் வேண்டப்பட்டவர்தான். திருச்சி பிஷப் ஹீபர் கல்லூரியில் இருந்தவர், பிற்காலத்தில் கோயம்புத்தூருக்கு அருகே தடாகத்தில் கிறிஸ்த சிஷ்ய சங்க ஆசிரமத்தை அமைத்து வாழ்ந்தவர். கமலாவைத் தான் நேரில் பார்த்ததாக எழுதினார். பார்த்திருப்பார். ஆனால் ஓநாய் வளையை அவர் பார்க்கவில்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

நாட்குறிப்பில் சில சமாச்சாரங்கள் இடிக்கின்றன. ராத்திரி இருட்டில் அந்தப் பிள்ளைகளின் கண்கள் நீல ஒளி வீசின என்று எழுதியிருக்கிறார். நாய், பூனை, ஓநாய் கண் இருட்டில் மின்னுவதற்குக் காரணம் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி மாதிரி ஒரு படலம். வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தை அது திருப்பி அடிக்கிறது. மனிதக் கண்ணில் அந்தப் படலமே கிடையாது. ஓநாயோடு எத்தனை வருடம் இருந்தாலும் முளைக்காது. ராத்திரி பத்து, ஒன்று, மூன்று என்று மணி அடித்த மாதிரி ஊளையிட்டார்கள் என்கிறார். கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது.

இதைத் துப்புத் துலக்க 1950-களின் தொடக்கத்தில் வில்லியம் ஆக்பர்ன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் வந்தார். இங்கே அவருக்குத் துணை நிர்மல் குமார் போஸ். நவகாளியில் காந்தியோடு காரியதரிசியாக நடந்தாரே, அந்த மானுடவியலாளர். காந்தியிடமே தாட்சண்யம் இல்லாமல் கேள்வி கேட்டவர் பாதிரியாரை விடுவாரா? ஊர் ஊராக விசாரித்தார்கள். அப்படி இரண்டு பெண்கள் இல்லத்தில் இருந்தது உண்மை. ஆனால் கோதாமுரி என்ற கிராமத்தையே கண்டுபிடிக்க முடியவில்லை. சாட்சிகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சிங்கே ஒரு சமயம், காட்டோரம் இருந்த ஒருவர் தந்த பிள்ளைகள், முதலில் பார்த்தபோது வீட்டுப் பக்கத்தில் கூண்டில் இருந்தார்கள் என்று சொல்லியிருக்கிறார். வளையைத் தானே வெட்டிய கதை பின்னால் வந்தது. இவர்களுடைய அறிக்கை 1959-ல் வந்தது. அதே வருடம் மனநல மருத்துவ உலகின் புரூனோ பெட்டல்ஹைம் ஒரு கட்டுரையில், இந்தப் பிள்ளைகளின் நடத்தை எல்லாம் தன் பள்ளியில் தினம் பார்க்கும் ஆட்டிசக் குழந்தைகளின் நடத்தைதான் என்றார். கடிப்பது, பச்சையாகத் தின்பது, துணியைக் கிழிப்பது, மூலையில் சுருண்டு கிடப்பது. (ஆட்டிசத்துக்குத் தாயின் பாசமின்மைதான் காரணம் என்ற அவருடைய கொள்கை பிற்பாடு தவறென்று தள்ளப்பட்டது, எத்தனையோ தாய்மார்களை அழவைத்தது. ஆனால் இந்த ஒப்பீட்டில் அவருக்குக் கண் சரியாகத்தான் இருந்தது.)

கடைசி அடி 2007-ல். செர்ஜ் அரோல் என்ற பிரெஞ்சு அறுவைசிகிச்சை மருத்துவர் ஆவணக் காப்பகங்களைக் குடைந்து ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொல்வது: அன்றன்று எழுதியதாகச் சொல்லப்பட்ட நாட்குறிப்பு 1935-க்குப் பிறகு, அதாவது இரண்டு பெண்களும் செத்துப் பல வருடம் ஆன பிறகு எழுதப்பட்டது. நாலு காலில் ஓடுவதும் தட்டில் வாய்வைத்துக் குடிப்பதுமான அந்தப் பிரபலப் புகைப்படங்கள் 1937-ல் வேறு இரண்டு பெண்களை நடிக்கவைத்து எடுத்தவை. கமலாவுக்குப் பிறவியிலேயே நரம்பு, மூளை வளர்ச்சிக் கோளாறு இருந்தது. வந்து பார்க்கிறவர்கள் முன்னால் ஓநாய் மாதிரி நடக்கச் சொல்லி அவளைப் பாதிரியார் அடித்ததாகச் சாட்சியம் இருக்கிறது. ஏன் இதெல்லாம்? இல்லம் நடத்தப் பணம் வேண்டும் என்பதே அவர் காட்டும் காரணம்.

அந்த இல்லத்தில் மற்ற அனாதைகளும் இருந்தார்கள், அவர்களுக்கும் சோறு போட வேண்டும் என்பது உண்மைதான். பாதிரியாரை முழு வில்லனாக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மற்றவர்களின் சோற்றுக்கு வாய் பேசாத ஒரு பெண்ணைக் காட்சிப் பொருளாக வைத்திருந்தால், அவள் பக்கம் நிற்க அங்கே ஒருவரும் இல்லை என்றுதான் அர்த்தம்.

சரி, கேள்விக்கு வருவோம். ஓநாய் வளர்க்குமா, வளர்க்காதா?

மிருகங்கள் வேறு இனக் குட்டியை எடுத்து வளர்ப்பது நடக்காத காரியம் இல்லை. வீட்டிலும் பண்ணையிலும் சாதாரணம், நாய் பூனைக்குட்டிக்குப் பால் கொடுப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். காட்டில்தான் அபூர்வம். (காக்கைக் கூட்டில் குயில் குஞ்சு பொரிப்பது வேறு கணக்கு. அது ஏமாற்று. குயிலுக்கு 'பிறரால் வளர்க்கப்பட்டது' என்ற பொருளில் பரபிருத என்று சமஸ்கிருதத்தில் பெயரே உண்டு. காளிதாசரின் துஷ்யந்தன் சபையில் சகுந்தலையைக் குத்திக்காட்டுவதே இந்தக் குயிலை வைத்துத்தான்.)

உறுதியாகப் பதிவான நிகழ்ச்சி ஒன்று நம் குஜராத்திலேயே இருக்கிறது. 2018 டிசம்பர் கடைசியில் கிர் காட்டில் ஒரு பெண் சிங்கம் தன் இரண்டு குட்டிகளோடு மூன்றாவதாக இரண்டு மாதச் சிறுத்தைக் குட்டி ஒன்றையும் வைத்திருப்பதை வனத்துறையினர் பார்த்தார்கள். சிங்கமும் சிறுத்தையும் பரம விரோதிகள். சிறுத்தைக்குட்டியைக் கண்டால் சிங்கம் கொன்றுபோடும், அதுதான் வழக்கம். இவளோ பால் கொடுத்தாள். வேட்டையில் கிடைத்ததைத் தின்ன விட்டாள். சிங்கக் குட்டிகளும் அதைத் தம்பி மாதிரி விளையாட்டில் சேர்த்துக்கொண்டன. சுமார் ஒன்றரை மாதம் இப்படி. 2019 பிப்ரவரியில் ஒரு தண்ணீர்த் துறை அருகே சிறுத்தைக்குட்டி செத்துக் கிடந்தது. பிரேதப் பரிசோதனையில் பிறவியிலேயே குடலிறக்கக் கோளாறு என்று தெரிந்தது, யாரும் கடிக்கவில்லை. கிர் வனத்துறை அதிகாரியும் ஸ்தோத்ர சக்ரவர்த்தி உள்ளிட்ட ஆய்வாளர்களும் சேர்ந்து 2020-ல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இதே மாதிரி விஞ்ஞானிகள் கண்முன் பதிவானவை விரல்விட்டு எண்ணும் அளவுதான்: பிரேசிலில் கபுச்சின் குரங்குகள் மார்மோசெட் குட்டியை வளர்த்தது, பிரெஞ்சு பாலினேசியாவில் ஒரு டால்பின் வேறு இனத் திமிங்கிலக் கன்றை வளர்த்தது.

இவற்றில் பொதுவான விஷயத்தைக் கவனியுங்கள். எல்லாமே பாலூட்டும் தாய்கள், அல்லது குட்டிகள் இருக்கும் கூட்டங்கள். பால் சுரக்கும் காலத்தில் தாய்மை எல்லையைத் தாண்டி வழிகிறது. அதோடு வளர்ப்புக் குட்டியும் வளர்ப்புத் தாயும் வளரும் வேகத்தில் கொஞ்சம் ஒத்துப்போகிறார்கள். மனிதக் குழந்தை இடறுவது இங்கேதான். ஓநாய்க்குட்டி எட்டு பத்து வாரத்தில் பால் மறக்கும், இரண்டு மூன்று மாதத்தில் வளையை விட்டுக் கிளம்பும், வருடம் திரும்புவதற்குள் ஆளாகிவிடும். நம் பிள்ளை அப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கும். ஒரு தாய் ஓநாய் தன் கூட்டம் நகரும்போதெல்லாம் ஓடத் தெரியாத ஒரு ஜீவனைத் தூக்கிக்கொண்டு, அடுத்தடுத்த பிரசவங்களுக்கு நடுவில், ஐந்தாறு வருடம் காப்பாற்ற வேண்டும். சில நாள், சில வாரம் ஓநாய் ஒரு குழந்தையைக் கொல்லாமல் வைத்திருக்கலாம். கிர் சிங்கத்தைப் பார்த்த பிறகு அதை மறுக்க மாட்டேன். வருடக்கணக்கில் வளர்ப்பது நடக்காது என்பதே என் கட்சி.

அப்படியானால் அவத்தில் ஏன் இத்தனை கதைகள்? 1996-ல் இதே சுல்தான்பூர், பிரதாப்கர், ஜௌன்பூர் மாவட்டங்களில் ஓநாய் குழந்தைகளைத் தூக்கிச்செல்வது மறுபடி நடந்தது. பல பத்துக் குழந்தைகள் போயின. ஓநாய் வேஷத்தில் மனிதர்கள் வருகிறார்கள் என்று வதந்தி பரவி, வழிப்போக்கர்களை அடித்துக் கொன்றார்கள். ஒய்.வி. ஜாலா என்ற ஓநாய் ஆய்வாளர் போய்ப் பார்த்து, வேலையைச் செய்தது ஓநாய்தான், அதுவும் பழக்கம் கெட்டுப்போன ஒன்றோ ஒரு சிறு கூட்டமோதான் என்று எழுதினார். 2024-ல் பஹ்ராயிச் மாவட்டத்தில் மறுபடி. ஸ்லீமன் புத்தகத்தில் பஹ்ராயிச் பக்கத்துப் பௌண்டி ராஜாவின் சேவகன் ஒருவனும் ஒரு ஓநாய்ப் பையனைப் பிடித்தான். பிள்ளை பறிகொடுத்த ஊர்களும் ஓநாய்ப் பிள்ளை கிடைத்த ஊர்களும் ஒன்றாகவே இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ராத்திரி கட்டிலிலிருந்து குழந்தை காணாமல் போன ஒரு தாய்க்கு, அந்தக் குழந்தை உயிரோடு இருக்கிற ஒரே கதை அதை ஓநாய் வளர்க்கிறது என்பதுதான். சுப்ரா கிராமத்து விதவை முழங்கால் வடுவைத் தேடியது அதனால்தான்.

மறுபக்கம், பஞ்சத்திலும் வறுமையிலும் வளர்ச்சி குறைந்த, பேச்சு வராத பிள்ளைகள் காட்டோரம் விடப்பட்டார்கள். அவர்களைக் கண்டெடுத்தவனுக்கும் ஒரு கதை தேவைப்பட்டது. காணாமல் போன பிள்ளையும் கைவிடப்பட்ட பிள்ளையும் சந்தித்துக்கொண்ட இடத்தில் ஓநாய் வந்து நின்றது.

ஓநாய்க்கும் இதில் லாபமில்லை. 1875 முதல் 1925 வரை ஐம்பது வருடத்தில் சர்க்கார் வெகுமதிக்காக இரண்டு லட்சம் ஓநாய்கள் கொல்லப்பட்டன என்று வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்குக் காட்டுகிறார். ரத்தம் சிந்தினால் ஊர் கெடும் என்ற நம்பிக்கையைக் காசு ஜெயித்துவிட்டது. இன்று நாட்டில் இருப்பவை இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் இடையில் என்று மதிப்பிடுகிறார்கள். புலியைவிடப் பெரிய வித்தியாசமில்லாத எண்ணிக்கை, ஆனால் புலிக்குக் கிடைக்கும் மரியாதையில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது.

எங்கள் லக்னோவுக்கும் ஒரு ஓநாய்ப் பையன் உண்டு. 1954 ஜனவரியில் ரயில் நிலையத்தில் கண்டெடுத்து பல்ராம்பூர் ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒரு பிள்ளை. கைகால் சூம்பி மடங்கியிருந்தன, பேச்சு இல்லை, பச்சை மாமிசத்தைப் பார்த்தால் கையை நீட்டினான். பத்திரிகைகள் ஓநாய்ப் பையன் என்று எழுதின, கூட்டம் கூட்டமாக ஜனங்கள் பார்க்க வந்தார்கள். ரயில் நிலையத்துக்கு ஓநாய் எப்படி வந்தது என்று அவர்களில் எத்தனை பேர் கேட்டார்களோ. ராமு என்று பெயர் வைத்தார்கள். சில மாதங்களில் கூட்டம் குறைந்தது, பத்திரிகைகள் வேறு செய்திக்குப் போயின. டாக்டர்களும் நர்சுகளும் அவனுக்கு ஊட்டிவிட்டார்கள், குளிப்பாட்டினார்கள். 1968 ஏப்ரலில் அவன் இறக்கும்வரை, பதினான்கு வருடம், அந்த ஆஸ்பத்திரிதான் அவன் வீடு.